சாவி என் கையில்தான் இருந்தது

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஓடாமல் நிற்கிற எதைப் பார்த்தாலும் அதை ஓட வைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் நான் பழுது பார்த்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் காற்று வீசுகிறது. கிரைண்டரைப் பற்றி என் மனைவி சுமதியின் முன்னால் பேசவே கூடாது. இந்த வியாதி முற்றிப்போயிருந்த காலத்தில்தான் என் மாமனார் வீட்டு லாரியை ஸ்டார்ட் செய்தேன்.

அப்போது எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். (அடைத்துக்கொண்ட ஜெராக்ஸ் மெஷினைத் தட்டி ஓட வைப்பவனுக்கு லாரியெல்லாம் எம்மாத்திரம் என்பது என் எண்ணம்.) மாமனார் வீடு சிங்கவரத்தில். வாசலை அடைத்துக்கொண்டு அங்கே ஒரு பழைய மினி லாரி நின்றது. ஒரு காலத்தில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். டிரைவர் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன பிறகு அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பீர்க்கங்கொடி மேலே ஏறிப் படர்ந்து காய்த்தது. மாமியார் பானட் மேல் வடகம் காயப்போட்டார். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடை காத்தது. மாமனார் வண்டிக்கு முதலாளிதான் என்றாலும், அதில் அவருக்குத் தெரிந்த ஒரே பாகம் கிளீனர் உட்காரும் சீட்.

இந்த நிலையில் சுமதியின் தங்கை கலைச்செல்விக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவலூர்பேட்டைக்காரர்கள். வாசலில் பந்தல் போட வேண்டும், லாரி குறுக்கே நிற்கிறது.

"டிராக்டர கட்டி இஸ்து ஓரமா வுட்டுடலாம் மாப்ள, சொல்லி வெச்சிட்டேன்" என்றார் மாமனார்.

"எதுக்கு மாமா டிராக்டரு? நானே ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கினு போயி நிறுத்தறேன்" என்றேன். புது மாப்பிள்ளை பேச்சைத் தட்டக்கூடாது என்று பாவம், டிராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் அந்த வாரம் லாரியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கலை திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையென்றால் அவளுக்கு உயிர். மாப்பிள்ளையையும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "நான் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான்" என்பதை மூச்சுக்கு ஒருதரம் சொல்வார்.

"சபையில நீ கேட்டுடு நைனா. தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே கேட்டுடு. அப்புறம் கேக்க முடியாது" என்று கலை தன் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவரும் சரியென்றார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான் செஞ்சியிலிருந்து மெக்கானிக் காதர் பாயை அழைத்து வந்தேன். அவர் டேங்கிலிருந்த பழைய டீசலை இறக்கினார். அது புளிக்கரைசல் நிறத்தில் வந்தது. டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஆயில் மாற்றி, புது பேட்டரி வைத்தார். காற்று போகும் குழாயில் எலி கூடு கட்டியிருந்தது. அதில் மாமியாரின் காணாமல் போன ரவிக்கைத் துண்டு ஒன்று கிடைத்தது. அதற்காகவே என் மேல் மரியாதை கொஞ்சம் கூடியது. நானும் சும்மா இருக்கவில்லை, டேங்க் நிறைய டீசல் ஊற்றினேன்.

சாவியைத் திருப்பினால் வண்டி இரண்டு முறை செருமிவிட்டு அடங்கியது.

"பம்ப்புல இன்னும் காத்து இருக்குது சார். கிளட்ச்சும் துரு ஏறிப் புடிச்சிக்கினு இருக்குது. நாளைக்கி வந்து பாக்கறேன். அதுவரிக்கும் சாவியத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு பாய் போய்விட்டார்.

நாளைக்குத்தான் நிச்சயதார்த்தம். வேறு வழியில்லாமல் லாரியை நடுவில் விட்டுச் சுற்றிலும் ஷாமியானா கட்டினார்கள். மாமியார் அதன் நெற்றியில் மாவிலைத் தோரணம் கட்டினார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா நேராக லாரிக்கு வந்து அதன் கன்னத்தில் தட்டினார்.

"இன்னா சம்பந்தி, இத இன்னும் காயலான் கடைக்கிப் போடலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சட்டைப் பையில் சாவி இருந்தது. ஒரே ஒரு தடவை பார்ப்போமே என்று ஏறி உட்கார்ந்து திருப்பினேன்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பின்னால் கிளம்பிய புகையைக் கோட்டை மலைமேல் நின்றவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். சீட்டுக்கு அடியிலிருந்த கோழி பறந்துபோய் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் உட்கார்ந்தது. பந்தல் மொத்தமும் அதிர்ந்தது. நான் "ஓடுது! ஓடுது!" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. அந்த நிமிஷம் செஞ்சி வட்டாரத்திலேயே சந்தோஷமான மனிதன் நான்தான்.

மாமியார் கையை ஆட்டி, நிறுத்தச் சொன்னார். சாவியைத் திருப்பி அணைத்தேன். வண்டி ஓடியது. சாவியைப் பிடுங்கினேன். அப்போதும் ஓடியது. "சாவி என் கையிலதான் இருக்குது!" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். கற்பூரம் காட்டுகிறான் என்று நினைத்தோ என்னவோ ஒரு கிழவர் கும்பிட்டார்.

(பழைய டீசல் வண்டிகள் சாவிக்குக் கட்டுப்படாது. நிறுத்துவதற்குத் தனியாக ஒரு குமிழ் இருக்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்த ஞானம் எனக்குப் பிறகு வந்தது.)

அப்போது கண்ணில் பட்ட குமிழை எல்லாம் இழுத்தேன். ஒன்று துருப்பிடித்த கம்பியோடு கையோடு வந்துவிட்டது. கியர் போட்டாவது அணைக்கலாம் என்று பார்த்தால் கிளட்ச் விடவில்லை. அது போட்ட கூச்சலில் பெரியவர்கள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்கள். இறங்கி மல்லாட்டைக் கொல்லைக்கு ஓடிப்போய்ப் பாய்க்கு போன் செய்தேன்.

"பாய், வண்டி நிக்க மாட்டேங்குது!"

"டீசல் தீந்தா தானா நின்னுடும் சார். எவ்ளோ ஊத்தனீங்க?"

"ஃபுல் டேங்க்."

"இன்னாத்துக்கு சார்?" என்றார் பாய்.

"தோ வரேன்" என்று அவர் கிளம்புவதற்குள் இங்கே நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ராகு காலம் பிறப்பதற்குள் தட்டு மாற்ற வேண்டும். ஐயர் வாயை மட்டும் அசைத்து மந்திரம் சொன்னார். நான் லாரியின் மூக்குக்குப் பக்கத்தில், கையில் சாவியோடு, அழாத குறையாக நின்றேன். ஒரு பெண்ணின் நல்ல காரியத்தைப் பாழாக்கிவிட்டோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தட்டைத் தூக்கும் நேரம் வந்தது. கலை தன் அப்பாவைப் பார்த்தாள். மாமனார் எழுந்தார், வாயைத் திறந்தார், பெரியப்பாவின் மீசையைப் பார்த்தார். பிறகு கையை விரித்து லாரியைக் காட்டினார். இந்தச் சத்தத்தில் எப்படியம்மா கேட்பது என்று அர்த்தம். முகத்தில் அப்பட்டமான நிம்மதி. உட்கார்ந்துவிட்டார்.

கலை ஒரு தரம் என்னைப் பார்த்தாள், ஒரு தரம் லாரியைப் பார்த்தாள். பிறகு மணையிலிருந்து தானே எழுந்து நின்றாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்கிப் போவேன்! வுட மாட்டேன்! சம்மதமா?"

நான்கு அடியில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. பெரியப்பா காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அவருக்கு ஏற்கெனவே காது கொஞ்சம் மந்தம், அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசி வார்த்தையை மட்டும் அவள் மறுபடி கத்தினாள்.

"சம்மதமா?"

நிச்சயதார்த்தத்தில் வழக்கமாகக் கேட்கிற வார்த்தைதானே. பெரியப்பா முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தூக்கி, சபைக்கே தெரிகிற மாதிரி, "சம்மதம்! சம்மதம்!" என்றார். மாப்பிள்ளை அவருக்கு முன்பே தலையாட்டிவிட்டான். அவர்கள் பக்கம் எல்லோரும் ஆட்டினார்கள். தட்டு கைமாறியது.

கலை பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக லாரிக்கு வந்தாள். என்னை நகரச் சொன்னாள். பானட்டைத் தூக்கி, மருதாணிக் கையை உள்ளே விட்டு, பம்ப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன லிவரை அழுத்தினாள். வண்டி அடங்கியது.

திடீரென்று அவ்வளவு அமைதி.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீங்க புடுங்கன அந்தக் கேபிளு எப்பவுமே வேல செஞ்சதில்ல மாமா. சின்னதுல டிரைவரு அண்ணன் கூப்ட்டு என்னியத்தான் நிறுத்தச் சொல்லும்."

"அப்ப ஏன் மொதல்லயே நிறுத்தல?"

கரி பிடித்த விரலைத் தோரணத்தில் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நிறுத்தனா பெரியவருக்குக் கேட்டுடும் இல்ல?"

எதற்குச் சம்மதம் சொன்னோம் என்பது பெரியப்பாவுக்குச் சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. பாயசம் பாதியில் நின்றது. ஆனால் சபை மொத்தமும் பார்த்திருக்கிறது. காது கேட்கவில்லை என்று சொல்வதா, சொன்ன சொல்லை மாற்றுவதா? இரண்டுமே அவரால் ஆகாது. "நான் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டார். மாப்பிள்ளை மட்டும் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னான்: "எனக்கு நல்லாவே கேட்டுச்சிண்ணா. அதான் மொத ஆளா தலைய ஆட்டனேன்."

கலை இன்றும் வேலைக்குப் போகிறாள். தன் வீட்டு மருமகளை வேலைக்கு அனுப்பச் சம்மதித்த முதல் ஆள் தான்தான் என்று பெரியப்பா அவலூர்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். காதர் பாய் கிளட்சைச் சரிசெய்த பிறகு லாரி மறுபடியும் மல்லாட்டை ஏற்றுகிறது. என்னை மட்டும் அதில் ஏற விடுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தக் காரியம் நடக்கவேண்டும் என்றாலும் இன்றைக்கும் ஒரே பேச்சுதான்: "மாமாவக் கூப்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லு." போன வாரம் சுமதி மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டே என்னவோ கேட்டாள். நானும் பேப்பரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் புது கிரைண்டர் வந்து இறங்கியது.