ராட்டினத்துக்கு ரூட் பெர்மிட்

குன்னம் வட்டாரத்துக் கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறு ரொம்பச் சுருக்கம். தேர்த் திருவிழாவுக்கு முளைக்கும். தேர் நிலைக்கு வந்ததும் மூட்டை கட்டும். பூங்கா என்றால் ஒரு மர ராட்டினம். ராட்டினம் என்றால் அதன் சொந்தக்காரன் பூமாலை.

எழுபத்தெட்டாம் வருஷம் இந்த வரலாற்றுக்குள் வாகன ஆய்வாளர் வைத்திலிங்கம் ஜீப்போடு நுழைந்தார். ஜனங்கள் ஏறி இறங்கும் எதுவும் வாகனமே என்பது அன்னாரின் கொள்கை.

"ரூட் எது?"

"ரூட்டுங்களா? கீழேருந்து மேலங்க. மேலேருந்து கீழங்க."

"பெர்மிட் எங்கே?"

"இது எங்கயும் போவாதுங்களே சார்!"

"போகாத வண்டிக்கு டிக்கெட் போட்டா மோசடி. போற வண்டிக்குப் பெர்மிட் இல்லேன்னா குற்றம். உனக்கு எது வேணும்?"

"ரெண்டுல எது மலிவுங்க?"

ராட்டினத்துக்குச் சங்கிலி விழுந்தது. திருவிழா வருமானம்தான் பூமாலைக்கு வருஷச் சோறு. ஓடினான், கும்பிட்டான், 'கவனித்தான்'. சாயங்காலமே பெர்மிட் வந்தது: 'மேற்படி வாகனம் மேற்படி இடத்தில் புறப்பட்டு, மேற்படி இடத்தையே சென்றடையும். உச்சியில் இறங்க விரும்புவோரைத் தடுக்கலாகாது.'

ஆட்கள் உட்காரும் தொட்டிகளில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' எழுதினான். பெண்டாட்டி செங்கமலம் விசிலோடு கண்டக்டரானாள்.

"உச்சி எறங்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா? யாரும் இல்ல... போலாம் ரைட்!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லாருக்கும் மேலே சிரித்தவன் டீக்கடை சாமிதுரை.

"டேய் பூமாலை, டிரைவர் தூங்கிட்டாரா? வண்டி அங்கயே நிக்குது!"

சிரித்து முடிக்குமுன், மூன்றாம் நாளே, ஊர் பல வருஷமாகப் பஸ் கேட்டுப் போட்டுவந்த மனுவுக்கு மேலிடத்துப் பதில் வந்தது. சாமிதுரைதான் உரக்கப் படித்தான்:

"'தங்கள் ஊரில் ஏற்கெனவே பயணிகள் வாகனம் ஒன்று ஓயாமல் இயங்கிவருவதால் பஸ் அவசியமில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. நெரிசல் இருப்பின் கூடுதல் ராட்டினம் பரிசீலிக்கப்படும்.'"

யாரும் சிரிக்கவில்லை. கூடிக் கூடிப் பேசினார்கள். குடுக்கிறதை ஏன் விடணும் என்றார் ஒருத்தர். பக்கத்து ஊர் முந்திக்கொள்ளப் போகிறது என்றார் இன்னொருத்தர். பொழுது சாய்வதற்குள் கூடுதல் ராட்டினம் கேட்டு ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்டது.

பூமாலை பதறினான். "அண்ணே, இன்னொண்ணு வந்தா என் பொழப்பு?"

சாமிதுரை அவன் தோளில் கை போட்டான்.

"நீ ஏண்டா பயப்படுற? உன்னுது ஆர்டினரி. நாங்க கேட்டிருக்கிறது எக்ஸ்பிரஸ்!"