யாருகூட சார்

'சாப்ட்டாச்சா?' என்று கேட்டே ஊரை விரட்டியடித்த மனிதர் தமிழ்நாட்டில் ஒருவர்தான் உண்டு. அவரோடு நான் நாலு வருஷம் வேலை பார்த்தேன்.

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். கேட்கிறவருக்குப் பதில் வேண்டாம். சொல்கிறவர் சாப்பிட்டிருக்கவும் வேண்டாம். "ஆச்சு, நீங்க?" "ஆச்சு" என்று முடித்துக்கொண்டு அவரவர் பசியோடு அவரவர் நடையைக் கட்டலாம். இவர் அதோடு விடமாட்டார். 'ஆச்சு' என்று சொன்ன வாயை நாம் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்து விழும்.

"யாருகூட?"

தூத்துக்குடியில் எங்களுடையது ஒரு வட்டார வள மையம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் பள்ளிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் எங்கள் வேலை. அங்கே அவருக்கு 'யாருகூட சார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

முத்தையாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். மனைவி, மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போனவர். "பேரனுக்குத் தலை நின்னதும் வந்துருவா" என்றார். தலை நின்றது. "பல்லு முளைக்கட்டும்" என்றார். முளைத்தது. பையன் நடந்தான், ஓடினான், பள்ளிக்கூடத்திலும் சேர்ந்தான். "அவன இனிமே ஸ்கூலுக்குக் கொண்டு விட ஆள் வேணும்லா?" என்று அவரே மனைவியின் சார்பில் விடுமுறையை நீட்டிக்கொடுத்துவிடுவார்.

சமையலும் அவரேதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு புளிக்குழம்பு வைப்பார். அது வியாழக்கிழமை வரை வரும். நாளுக்கு நாள் கெட்டியாகும், கறுக்கும், ருசி ஏறும். தொடர் மேம்பாடு என்றால் என்னவென்று எனக்கு முதலில் புரியவைத்தது அந்தக் குழம்புதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், மாநிலம் முழுக்க எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு தொடர் மேம்பாட்டுச் சட்டகம் தயாரிக்கிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு வரைவு வந்து இறங்கியது. விஷயம் நல்ல விஷயம். வெளியாள் வந்து மிரட்டிவிட்டுப் போவதற்குப் பதிலாக, பள்ளியே வருஷா வருஷம் தன்னைத்தானே பார்த்து, நாம் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த வருஷம் எதில் ஏற வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். வரைவைச் சில பள்ளிகளில் சோதித்துப் பார்த்து யோசனை சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. எங்கள் அலுவலகத்தில் அந்த வேலை இரண்டு பேர் தலையில் விழுந்தது. அவர், அடுத்த மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர் என்பதால். நான், இரு சக்கர வாகனம் வைத்திருக்கிறவன் என்பதால்.

வரைவில் வகுப்பறை இருந்தது, குடிநீர் இருந்தது, கழிப்பறை, நூலகம், பெற்றோர் பங்கேற்பு எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வாசகத்துக்கும் நாலு நிலைகள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"எல்லாம் இருக்கு தம்பி. ஒண்ணுதான் இல்ல."

"என்ன சார்?"

"இந்தப் பள்ளியில் யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ரிட்டயர் ஆகிறதுக்குள்ள இந்த ஒரு வரி உள்ள போயிரணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

"சரி சார், ஆனா நாலு நிலை வேணும்லா?"

அதையும் யோசித்து வைத்திருந்தார். முதல் நிலை, அவரவர் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவது. இரண்டாம் நிலை, ஒரே இடத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது. மூன்றாம் நிலை, பேசிக்கொண்டே சாப்பிடுவது. நாலாம் நிலை, கேட்காமலே அடுத்தவர் டப்பாவுக்குள் கை போவது.

"இதுக்குச் சான்று என்ன சார் காட்டுவாங்க?"

"கையக் கழுவுறதுக்கு முன்னால மோந்து பாக்கணும் தம்பி. அவங்கவங்க வீட்டுக் குழம்பு மட்டும் மணந்தா நாலாம் நிலை கிடையாது."

வண்டியில் கிளம்பினோம். பின்னால் அவர், கையில் குடை. கடற்கரைச் சாலைக் காற்றில் அந்தக் குடை ஒரு நாளும் விரிந்ததில்லை, ஒரு நாளும் வீட்டில் இருந்ததும் இல்லை. பள்ளிக்குப் போனால் கழிப்பறை, நூலகம் எல்லாவற்றையும் பந்தயத்தில் ஓடுகிறவர்போலப் பார்த்து முடித்துவிட்டு, மதிய மணிக்காகக் காத்திருப்பார். பிள்ளைகளிடம் முதலில் போவார்.

"சாப்ட்டாச்சாலே?"

"ஆச்சு சார்!"

"யாருகூட?"

"முட்டகூட சார்!"

ஓரிடத்தில், "டீச்சர் யாருகூடச் சாப்பிடுதாங்க?" என்று கேட்டார். "போன்கூட சார்" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. டீச்சர் அன்று எங்களுக்குத் தேநீர் தரவில்லை.

எல்லா இடத்திலும் சிரிப்பு இல்லை. ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர், "நாங்க எங்க ஆளுககூட சார். அவங்க அந்தப் பக்கம்" என்று சாதாரணமாகச் சொன்னார். சார் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பெரிய கலவரம் நடந்தது பெரியதாழைப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில். அங்கே தலைமை ஆசிரியை, ஊருக்கே பெரிய டீச்சர். கணவர் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். டீச்சர் தன் அறையில் சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். சார் வாசலில் போய் நின்றார்.

"சாப்ட்டாச்சா டீச்சர்?"

"ஆச்சு சார்."

"யாருகூட?"

டீச்சரின் முகம் சிவந்துபோனது. "என்ன சார் கேள்வி இது?" என்றார். "இல்ல டீச்சர், வழக்கமா யாருகூட?" என்று இவர் விளக்கம் வேறு கேட்டார். நான் அவருடைய சட்டையைப் பிடித்து வண்டிக்கு இழுத்து வந்தேன். நாங்கள் தூத்துக்குடி வந்து சேருவதற்குள் புகார் வந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"ஏன் ஓய், வீட்டுக்காரரு கப்பல்ல இருக்காரு. அந்தம்மாட்டப் போயி யாருகூடன்னு கேட்டீராமே?"

"சாப்பாட்டத்தான் சார் கேட்டேன். நீங்க சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

"யாருகூட?"

மேற்பார்வையாளர் மேசையைப் பார்த்தார். "ஃபைல்கூட" என்று சொல்லிவிட்டு, "நீரு போம் ஓய்" என்றார். புகார் அதோடு முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. மாநிலத்தில் யாருமே தனியாகச் சாப்பிடக் கூடாது என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்ற இந்த மனிதர், எங்கள் அலுவலகத்தில் தினமும் தனியாகத்தான் சாப்பிட்டார். மணி ஒன்றாகும்போது ஒருவருக்கு வங்கியில் வேலை வரும், இன்னொருவருக்கு நேர்த்திக்கடன் விரதம் வரும். எல்லாம் அந்தக் கேள்விக்குப் பயந்துதான். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து குழம்பைத் திறப்பார். மஸ்கட்டில் அப்போது பேரன் பள்ளியிலிருந்து வந்திருக்க மாட்டான் என்பதால் போனும் வராது.

வரைவுக்கு யோசனை சொல்லும் நாள் வந்தது. எல்லா மாவட்டங்களும் காணொளியில். நான் அன்று வேறு ஊரில் ஒரு பயிற்சியில் இருந்ததால் செல்போனில் இணைந்திருந்தேன். சார் அலுவலகத்தில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்ததும் பேச ஆரம்பித்தார்.

என்ன பேச்சு என்கிறீர்கள்! கை ஆடுகிறது, கண் விரிகிறது, ஓரிடத்தில் கையை மோந்துகூடக் காட்டுகிறார். சத்தம் மட்டும் வரவில்லை. மைக்கைத் திறக்காமலே பேசிக்கொண்டிருந்தார். "சார், மியூட்ல இருக்கீங்க" என்று சென்னையிலிருந்து ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, தலையாட்டிவிட்டு மேலும் வேகமாகப் பேசினார். நான் போன் அடித்தேன். முக்கியமான நேரத்தில் தொந்தரவு என்று அதைத் துண்டித்தார். திரும்ப அடித்தேன். அணைத்தே வைத்துவிட்டார்.

"நேரம் ஆயிருச்சு சார், சாட்ல போட்டிருங்க" என்று அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். அப்புறம்தான் அவருக்கு விஷயம் விளங்கியது. ஒற்றை விரலால் தமிழில் தட்டத் தொடங்கினார். கை தவறி, 'இந்தப் பள்ளியில் யாரும் தனியாக' வரை மட்டும் சாட்டில் வந்து விழுந்தது. கூட்டம் முடிந்து ஒவ்வொரு சதுரமாக அணைந்தது. கடைசியில் திரையில் அவர் ஒருவர்தான் இருந்தார், குனிந்து தட்டிக்கொண்டு. அன்று வந்த சிரிப்பையும் அழுகையையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

பிறகு எழுதி அனுப்பிப் பார்த்தோம். இறுதிச் சட்டகம் வந்தபோது அந்த வரி அதில் இல்லை. 'மதிய உணவு இடைவேளை முறையாகத் திட்டமிடப்பட்டுள்ளது' என்று ஒரு வாசகம் இருந்தது. சார் இரண்டு தடவை படித்தார். "திட்டமாவது இருக்கே தம்பி" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு சலுகை. ஒவ்வொரு பள்ளியும் தன் விருப்பப்படி ஓர் இலக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானோர் சுற்றுச்சுவர் கேட்டார்கள். அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது பெரிய டீச்சரிடமிருந்து எனக்கு ஒரு போன்.

"அன்னைக்குக் கோவத்துல மேல சொல்லிட்டேன் சார். மறுநா டிபனத் திறந்தா அந்தக் கேள்விதான் முன்னால நிக்கி. எந்திச்சுப் போயி பிள்ளைக வரிசையில உக்காந்துட்டேன். இப்ப எங்க ஸ்கூல்ல எல்லாருமே அப்படித்தான். இலக்குன்னு அந்த வரியத்தான் எழுதியிருக்கோம். அந்தக் குடை சாரக் கூட்டிட்டு வாங்க. நீங்க வாரது வரைக்கும் நாங்க சாப்பிட மாட்டோம்."

செய்தியைச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள், காணொளிக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டை.

பள்ளி வராந்தாவில் நீளமாகப் பாய். பிள்ளைகள், ஆசிரியர்கள், சமையல் செய்யும் அக்கா எல்லோரும் ஒரே வரிசையில். பெரிய டீச்சர் வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறைய மீன் குழம்பு வந்திருந்தது. சாருக்கு நடுவில் இடம் போட்டிருந்தார்கள். எனக்கு அவர் பக்கத்தில்.

எல்லோரும் பேச்சும் சிரிப்புமாக முள்ளை எடுத்து வைத்துக்கொண்டு அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். சாரின் தட்டு அதற்குள் காலி. இத்தனை வருஷம் தனியாகச் சாப்பிட்டவருக்கு வாய்க்கு வேறு வேலை இருந்ததில்லை, அந்த வேகம்தான் பழகியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். பந்தியில் மற்றவர்கள் முடிக்கும் முன் எழுவது மரியாதை இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மறுபடி உட்கார்ந்தார். கை காயக் காய அப்படியே இருந்தார். அவரிடம் யாரோ அவருடைய ஊரைக் கேட்டார்கள். ஒரு டீச்சர் தன் தட்டிலிருந்த மீன் துண்டைக் கேட்காமலே அவர் தட்டில் வைத்தார். அவர் அதைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். சமையல் அக்கா எழுந்தார். ஆசிரியர்கள் எழுந்தார்கள். வரிசையில் நாங்கள் இரண்டு பேரும் பரிமாற நின்ற பெரிய டீச்சரும்தான் மிச்சம். நான் எழுந்தால் அவரும் எழுந்தாக வேண்டும். எழுந்தால் குடை, வண்டி, முத்தையாபுரத்தில் பூட்டிய வீடு.

எனக்கு வயிறு நிறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "டீச்சர், இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்று தட்டை நீட்டினேன்.