பூஜைக்குக் குளித்த கிருமிகள்

வணக்கம். எல்லாரும் சுகம்தானே? காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முடித்தீர்களா? முடிக்காதவர்கள் வளர்த்துவிட்ட கிருமிகளோடுதான் நம்ம ரேகா சிதம்பரத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

2009. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. எந்த மருந்துக்கும் சாகாத கிருமிகளைப் பிளாஸ்டிக் வில்லைகளில் வழவழவென்று பாசி மாதிரி படரவிட்டிருந்தாள். இப்போது வில்லைகள் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

"பொன்னிக்கா! இத யாரு தொட்டது?"

பெருக்கித் துடைக்கும் பொன்னிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தாம்மா. ஒரே கொழகொழன்னு இருந்துச்சு. பூஜைக்கு இப்பிடியா வப்பாங்க? வெந்நீர் ஊத்தித் தேச்சேன்."

மறுநாள் பாண்டிச்சேரியிலிருந்து பேராசிரியை லோகநாயகி ஆராய்ச்சியை மதிப்பிட வருகிறார். பழைய மருந்து ஒன்றின் அமைப்பை மாற்றி, அந்த வழவழப்புக்குள்ளே புகுந்து கிருமியைக் கொல்லும்படி செய்திருந்தாள் ரேகா. அவர் முன்னால் அதைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு மங்களம்தான்.

அவளுடைய வழிகாட்டி ஞானசேகரன் எட்டிப் பார்த்தார். "எல்லாம் ரெடியாம்மா?"

"ரெ... ரெடி சார்."

"வெரி குட்! அப்ப நாளைக்கு சாயங்காலம் வேணாம், காலையிலயே வரச் சொல்லிடுறேன்."

பொன்னி பூஜைப் பொரிகடலையை நீட்டினாள். "நமக்கு வேணாம்மா" என்று அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரேகா பக்கத்து ஆய்வுக்கூடத்துச் சுரேந்தரிடம் ஓடினாள். "கொஞ்சம் கிருமி இருந்தா குடேன்."

"போ நீ வேற. பொன்னிக்கா எங்களயும் உட்டு வெக்கல. இப்ப கிருமி மிச்சம் இருக்கறது கேன்டீன் தண்ணி டிரம்முலதான்."

டிரம்மின் உள்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவளைக் கேன்டீன் பக்கிரி பார்த்துவிட்டார். "என்னா பாப்பா பண்ற?"

"கிருமி எடுக்கறேண்ணே."

"எங்க டிரம்முலயா?" ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கவிழ்த்தார். "இப்ப எடு, பாப்பம்!"

அன்றைக்குக் கேன்டீனில் டீ கிடையாது. காரணம் யார் என்று துறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

இனி உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று ஞானசேகரன் அறைக்குப் போனாள். அவர் வகுப்புக்குப் போயிருந்தார். அங்கே கைகழுவும் தொட்டியின் பின்னால், காலியான ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் சீராக, கெட்டியாக, அவள் மாதக்கணக்கில் வளர்த்ததைவிட அழகாக வழவழப்பு படர்ந்திருந்தது!

ஏதோ பழைய சோப்பு டப்பா, யார் தேடப்போகிறார்கள்? கத்தரிக்கோலை எடுத்தாள். டப்பாவின் அடி, சின்னச் சின்னத் துண்டுகளானது. பாதியைப் பழைய மருந்திலும் பாதியைத் தன் மருந்திலும் ஊறப்போட்டாள்.

மறுநாள் காலையில் துண்டுகளின் மேல் ஊதாச் சாயம் ஊற்றினாள். பழைய மருந்தில் ஊறியவை நாவல்பழமாகக் கறுத்தன. கிருமி அப்படியே குந்தியிருக்கிறது என்று அர்த்தம். அவள் மருந்தில் ஊறியவற்றில் ஒரு பொட்டுச் சாயம்கூட ஒட்டவில்லை.

லோகநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பிரமாதம்மா! உன் ஆராய்ச்சிய தாராளமா தொடரலாம். ஆனா இவ்ளோ முரட்டுக் கிருமிய நான் பாத்ததே இல்ல. எங்க புடிச்சீங்க?"

ரேகா சாயப் புட்டியை மூடுவதில் மும்முரமானாள். ஞானசேகரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் சரக்குதான் மேடம். இதுக்கு எம் பேரையே வச்சிடலாம்னு இருக்கேன்!"

அந்த நேரம் பார்த்து, அடியில்லாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு பொன்னி உள்ளே வந்தாள்.

"சார், நீங்க பல்செட்டக் கழட்டிப் போட்டு வெப்பீங்களே, அந்த டப்பாவ எந்தப் பாவியோ வெட்டி வச்சிருக்கான் சார்!"

உங்கள் வீட்டுப் பூஜையில் இப்படிக் கழுவப்பட்டுப் போனது என்னென்ன? மறைக்காமல் எழுதுங்கள்.