பருந்து எண்ணப் போன பத்துப் பேர்

அந்த அக்டோபரில் நான் ஒரு முடிவு எடுத்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நானாக எடுத்த முதல் முடிவு. அதையும் மங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

என் பெயர் திருநாவுக்கரசு. மலாயாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. பெயரில்தான் நாவும் அரசும். வீட்டில் இரண்டுமே மங்கம்மாவிடம்.

அவசரகாலம் தொடங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று எல்லோரையும் முள்கம்பி வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். பால் வெட்டப் போகிறவர்களைக் காலையில் கேட்டில் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தால் ஜெயில். மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

பால் வெட்டுகிற சன்னாசி அந்த அக்டோபரில் ஒருநாள் திரும்பவில்லை. மழை வருகிறதே, விட்டு வந்த பால் வாளி வீணாகிவிடுமே என்று மறுபடி ஓடினான். இரண்டரை மணிக்குப் பட்டாளத்தான் சுட்டான். காட்டுக்காரனுக்குத் தகவல் சொல்லப் போனான் என்று எழுதிக்கொண்டு, வேலிக்கு வெளியே, முன்பு கூலி வீடுகள் இருந்த பழைய லயத்து மேட்டில் புதைத்தார்கள். பெண்சாதி ராக்கம்மாவை முகம் பார்க்கவும் விடவில்லை. கருமாதி என்று கூட்டம் கூடக் கூடாது என்றும் உத்தரவு.

அந்த வாரம்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். அவருக்குப் பறவைப் பைத்தியம். இந்த மாதத்தில் சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பருந்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே வருமாம். பழைய லயத்து மேட்டில் நின்றால் நன்றாகத் தெரியுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய் எண்ணி வர வேண்டும். பர்மிட்டை அவரே வாங்கித் தருவார்.

ஐ.சி. என்ற அடையாள அட்டை இல்லாமல், பர்மிட் இல்லாமல் அத்தனை தூரம் வர அந்தக் காலத்தில் பருந்தால் மட்டும்தான் முடிந்தது.

பெரிய கிராணி வேலை காலியாக இருந்தது. பருந்து எண்ணியாவது அதில் உட்காருவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து பட்டியலைப் படித்தேன்.

"வாத்தியாரு, ஆஸ்பத்திரி டிரெஸரு, வேலை வாங்குற மண்டோரு மூணு பேரு... எல்லாம் ஆம்பளைங்க. எப்படி?"

"சனிக்கிழமை கள்ளுக்கடைக்குப் போறவங்க. மறுநாள் காலையில அவங்களுக்கு ஒரு பருந்து ரெண்டாத் தெரியும்லா. கணக்கு தப்புனா துரை உங்களத்தான கேப்பாரு?"

"அப்ப யாரக் கூட்டிட்டுப் போறது?"

"பொம்பளைங்கள. நானும் வரேன்."

"பொம்பளைங்களுக்குப் பறவையப் பத்தி என்னடி தெரியும்?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்த பறவைகள் மூன்று. கோழி, சேவல், காக்கா. அதிலும் முதல் இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்தேன்.

மங்கம்மா தன்னையும் சேர்த்து ஒன்பது பெயர் சொன்னாள். கடைசிப் பெயர் ராக்கம்மா.

"ஐயோ, அவ பேரு போலீஸ்ல இருக்கு!"

"யாரு பேருதான் இல்ல? துரை கையெழுத்து இருந்தா எவன் படிக்கப் போறான்? வேலிக்குள்ளயே கெடந்து சாவுறா. கொஞ்சம் காத்து வாங்கட்டும். அப்புறம், இந்த ஞாயிறு வேணாம். அடுத்த ஞாயிறு போவோம்."

பெரிய கிராணி ஆகப் போகிறவனுக்கு இரக்கம் வேண்டாமா? சரி என்றேன்.

அந்த ஞாயிறு காலையில் என் கழுத்தில் துரையின் பைனாகுலர் தோல் பெட்டியை மங்கம்மாவே மாட்டிவிட்டாள். கேட்டில் பெண்களின் கொண்டையை எல்லாம் அவிழ்த்துப் பார்த்தார்கள். என்னிடம் வந்த கார்ப்பரல் துரையின் பெட்டியைப் பார்த்ததும் சல்யூட் அடித்தான். நானும் அடித்தேன். நெஞ்சு இரண்டு அங்குலம் பெருத்தது.

காவலுக்கு இஸ்மாயில் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு வந்தார். மேட்டில் ஏறி நின்றோம். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் எள்ளைத் தூவியதுபோல் பருந்துகள்.

"மங்கம்மா, எழுது!" என்று பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே வாழையிலைப் பொட்டலம்.

"என்னடி இது?"

"சோறு."

"பைனாகுலர் எங்க?"

"அரிசி டின்னுல பத்திரமா இருக்கு." அவள் குரல் இறங்கியது. "இன்னைக்கு சன்னாசி அண்ணனுக்குப் பதினாறாம் நாளுங்க."

கேட்டைத் தாண்டிச் சோறு கடத்தியவன் நான். சல்யூட் வேறு அடித்திருக்கிறேன்.

"நான் மாட்டியிருந்தா?"

"அதுக்குத்தான நானும் கூட வந்தேன்? சேந்து போயிருப்போம்."

இஸ்மாயில் இலையைப் பார்த்தார். ராக்கம்மாவைப் பார்த்தார். புல்கூட முளைக்காத அந்த மண்மேட்டையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். "சீக்கிரம்" என்று மலாயில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ராக்கம்மா சோற்றை வைத்துவிட்டு மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. காக்கை வர வேண்டும். காக்கைகளும் இருந்தன, தூரத்து ரப்பர் மரத்தில். மேலே அத்தனை பருந்து சுற்றும்போது எந்தக் காக்கை இறங்கும்? பத்துப் பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். துரை கேட்டதும் அதைத்தான். ஆனால் நான் பருந்துகளை எண்ணவில்லை, திட்டிக்கொண்டிருந்தேன்.

பர்மிட்படி பதினொரு மணிக்குள் திரும்ப வேண்டும். பத்து தாண்டிவிட்டது. ராக்கம்மா இலையைக் காக்கைகள் இருந்த பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"கா... கா..." என்று கத்தினேன். பெரிய கிராணி ஆகப் போகிறவன், தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் ஒரு காக்கை இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு வாய் கொத்தியது.

"சாப்பிடு சாமி," என்றாள் ராக்கம்மா. "அன்னைக்கு வெறும் வயித்தோட போயிட்டியே." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மங்கம்மா அவள் வாயைத் தன் முந்தானையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். காட்டுக்கும் கேட்கக் கூடாது, கேட்டுக்கும் கேட்கக் கூடாது.

திரும்பும் வழியில் கேட்டேன். "துரைகிட்ட எத்தனைன்னு சொல்றது?"

"முந்நூத்துப் பன்னெண்டு."

"அதென்ன பன்னெண்டு?"

"வெறும் முந்நூறுன்னா பொய்யின்னு தெரிஞ்சிடும்லா."

துரை பூரித்துப் போனார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த ஞாயிறு கவச வண்டியில் தானே வருவதாகச் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடினேன்.

"துரையே வராராம்! இனிமே இந்த வேலையெல்லாம் நடக்காது, தெரிஞ்சுக்க!"

மங்கம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்லதாப் போச்சு. போன மாசம் காட்டுக்காரங்க வெட்டிப்போட்ட தாயம்மா புருசன் மண்டோரையும் அங்கதான பொதைச்சிருக்கு? அவருக்கு ஒரு பருக்கை வைக்கலன்னு தாயம்மா தெனம் அழுவுறா. துரை கூட வந்தா கேட்ல எவனும் கை வைக்க மாட்டான்."

"துரை பக்கத்துலயே நிப்பாருடி! பாத்துட்டா?"

"பருந்து பாக்க வரவரு மேலதான பாப்பாரு? கீழ நாங்க பாத்துக்குறோம்."