சிவபாக்கியம் அன்ரிக்கு நான் போட்ட காகித மாலை

ஒரு காரியம் முழுதாக நாசமாவதற்குப் பெரிய முட்டாள்தனம் எதுவும் தேவையில்லை. சின்னச் சின்ன நல்ல யோசனைகள் வரிசையாக வந்தால் போதும். எனக்கு அந்த ஒரே கிழமையில் அப்படிப் பல யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகம் முடித்த கையோடு எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. லண்டன் நோர்பரியில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில், வியாழக்கிழமைகளில் கூடும் தமிழ் முதியோர் சங்கத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். (மேசை இழுப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, மினிபஸ்ஸில் ஏற்றி இறக்குவது என்று அர்த்தம்.) பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின் பூட்டிய வீட்டில் தனியே இருப்பவர்களுக்கு, வாய்விட்டுத் தமிழ் பேசிச் சிரிக்க அந்த ஒரு நாள்தான் இருந்தது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. இவர்கள் சும்மா இருந்து கதைக்கிறார்களே தவிர ‘செயற்பாடு’ ஒன்றும் இல்லை என்று மண்டப வாடகை கொடுக்கும் கவுன்சிலுக்கு ஒரு குறை. ஹெலன் என்ற அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் தை மாதத்திலிருந்து மண்டபம் யோகா வகுப்புக்குப் போய்விடும் என்றார்கள். மண்டபம் போனால் என் வேலையும் போகும்.

இலையுதிர் காலத்துக்குப் பொருத்தமாகச் சுவர் அலங்காரம் செய்யலாமே என்று ஹெலனே தொலைபேசியில் ஆலோசனை சொன்னார். செம்மஞ்சள், மஞ்சள், மண்ணிறக் காகிதங்களில் இலை வெட்டி, மட்டை வளையத்தில் வட்டமாக ஒட்ட வேண்டும். நான் காகிதமும் பசையும் வாங்கிக்கொண்டு போனேன்.

“இலை கொட்டுறதையோ கொண்டாடச் சொல்லுறாங்கள்?” என்று கேட்டார் கனகசபை மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். “நாங்கள் கூட்டி எரிக்கிறனாங்கள்.”

ஆனாலும் வெட்டினார்கள். ஒட்டுவதில்தான் சிக்கல் வந்தது. இலைகள் மட்டையில் ஒட்டாமல் விரலில் ஒட்டின. சிவபாக்கியம் அன்ரி பசைப் போத்தலைத் தள்ளி வைத்தார். “இது சரிவராது பிள்ளை. ஊசியும் நூலும் இருக்கோ?”

இருந்தது. அவர் ஒவ்வொரு இலையையும் மடித்து, நடுவில் குத்தி, நெருக்கமாகக் கோத்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்க அதே வேலை. பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொன்றாகத் தடித்த செம்மஞ்சள் மாலைகள் கிடந்தன.

“வாசலில தொங்கவிடு, வாற மனிசிக்கு வடிவாயிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார் அன்ரி.

ஹெலன் வருவதற்கு முதல் நாள், அடுத்த புதன்கிழமை, மாலைகளை மாட்டப் போனேன். வாசலில் எதுவும் தொங்கவிடக் கூடாதாம், தீப்பிடித்தால் ஆபத்தாம். மண்டபக் காவலாளி சொல்லிவிட்டார். சுவரில் மட்டும் வரிசையாக ஆணிகள் இருந்தன. மாலையை மட்டும் ஆணியில் மாட்டினால் சுருங்கித் தொங்கியது, பார்க்க நன்றாக இல்லை. அப்போதுதான் நல்ல யோசனைகள் வரத் தொடங்கின.

ஆர் எந்த மாலையைச் செய்தார் என்று ஹெலனுக்குத் தெரிய வேண்டாமா? அங்கத்துவ அட்டைக்கு எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. (ஒருவரும் சிரித்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் படத்துக்குச் சிரிப்பதில்லை.) நூலகத்துக்கு ஓடிப்போய்ப் பெரிதாக்கினேன். கலர் மை முடிந்துவிட்டதால் கறுப்பு வெள்ளையில் வந்தது. அதுவும் ஒரு அழகுதான் என்று நினைத்தேன். சட்டம் போட்டு மாட்டி, ஒவ்வொரு படத்துக்கும் அவரவர் கோத்த மாலையைப் போட்டேன். கீழே பெயரும் பிறந்த ஆண்டும் எழுதி ஒட்டினேன். மண்டபம் இருட்டாக இருந்ததால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பற்றரியில் எரியும் குட்டி விளக்கு ஒன்றும் வைத்தேன்.

பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். மனம் நிறைந்தது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

(அடி விசரி, உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அப்பப்பாவின் படம் இதே கோலத்தில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கியது. அதைப் பார்த்தபடி சோறு தின்று வளர்ந்தவள் நான். சுவர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று என் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும்.)

மறுநாள் வியாழன் காலை நான் குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சிவபாக்கியம் அன்ரியின் மகன் ரவி அண்ணை, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகாமல், ஹெலனுக்கென்று வாங்கிய வடையோடு நேரே மண்டபத்துக்கு வந்திருக்கிறார். தட்டு விழுந்த சத்தம் கேட்டு வெளியே வந்தேன். வடைகள் நிலமெல்லாம் உருண்டு கிடந்தன. அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

“எப்ப?” என்று கேட்டார்.

“நேற்றுப் பின்னேரம்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“சர்ப்ரைசா இருக்கட்டுமெண்டுதான் சொல்லேல்லை அண்ணை.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு சுவரின் மறுகோடிவரை கண்ணை ஓட்டினார். “எல்லாருமோ?”

“ஓம், எல்லாரும்தான். ஒருத்தரையும் விடேல்லை” என்றேன் பெருமையாக.

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். “மினிபஸ் அடிபட்டதோ தங்கச்சி?”

அப்போதுதான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். முதல் தடவையாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாலை, கறுப்பு வெள்ளைப் படம், பெயர், ஆண்டு, விளக்கு. என் சங்கம் முழுவதையும் நான் ஒரே இரவில் மேலே அனுப்பியிருந்தேன்.

“இல்லை அண்ணை, அம்மா இருக்கிறா, எல்லாரும் இருக்கினம்” என்று குழறிக்கொண்டே முதல் மாலையில் கை வைத்தேன். வெளியே மினிபஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அன்ரி முன்னால் வர, ரவி அண்ணை ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார்.

“என்னடா, வேலையில ஆரும் ஏசினவங்களோ?” என்றவர், மகனின் தோளுக்கு மேலால் தன் படத்தைக் கண்டார்.

எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் தங்கள் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே ஒட்டியதை வாசித்தார். “பிறந்த வருசம் சரி. மற்ற வருசம் எழுத இடம் விட்டிருக்கிறாய் போல.”

நான் அழத் தயாரானேன். அந்த நேரம் பார்த்து ஹெலன் உள்ளே வந்தார். நெஞ்சில் கை வைத்தார். இவ்வளவு அழகான இலையுதிர் கால அலங்காரத்தைத் தான் வேறெங்கும் கண்டதில்லை, மூத்தவர்களுக்கு என்ன மரியாதை என்றார். மாலையைக் கழற்றப்போன என்னைத் தடுத்து, எல்லோரும் படங்களுக்குக் கீழே இருந்தால் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று கமராவை எடுத்தார்.

அன்ரி என் பக்கம் வந்து மெல்லக் கேட்டார். “இதைக் கழட்டினா என்ன நடக்கும்?”

“ஏனெண்டு விளங்கப்படுத்த வேணும் அன்ரி. இவ்வளவும் பிழையெண்டு தெரிஞ்சால் வியாழக்கிழமை போயிடும். என்ர வேலையும் போயிடும்.”

அவர் சுவரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

“எல்லாரும் வந்து அவரவற்ற படத்துக்குக் கீழ இருங்கோ” என்றார். “செத்தாப் பிறகு எங்களுக்குப் பார்க்க ஏலாது. இப்பவே பாப்பம்.”

இருந்தார்கள். தங்கள் சொந்த மாலைக்கும் விளக்குக்கும் கீழே தேத்தண்ணி குடித்தார்கள். அட்டைப் படத்தில் சிரிக்காத அத்தனை பேரும் அன்று ஹெலனின் கமராவுக்குப் பல் தெரியச் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் அப்படி ஒரு அன்பு வந்தது. ரவி அண்ணை ஏன் இன்னும் அழுகிறார் என்று ஹெலன் கேட்டதற்கு, பெருமையில் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை தப்பியது. ஆனால் ஹெலன் அந்தப் போட்டோவைக் கவுன்சில் துண்டுப்பிரசுரத்தில் போட்டார். அது வீடு வீடாகப் போனது. யாரோ ஒரு புண்ணியவான் அன்ரியின் படத்தையும் மாலையையும் மட்டும் வெட்டியெடுத்து ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பினான். தம்பி தலை முழுகினார், துடக்கு என்று கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், பிறகு மருமகன் ரவி அண்ணைக்கு ஆறுதல் சொல்ல லண்டனுக்குப் போன் எடுத்தார். இந்தப் பக்கம் எடுத்தது அன்ரி. “ஹலோ” என்ற அக்காவின் குரல் கேட்டதும் அங்கே போன் விழுந்த சத்தம் இங்கே கேட்டதாம்.

அதற்குப் பிறகு அன்ரி ஹலோ சொல்வதை விட்டுவிட்டார். ஆர் கூப்பிட்டாலும், அது வங்கியாக இருந்தாலும், “உயிரோடதான் இருக்கிறன், சொல்லுங்கோ” என்றுதான் தொடங்குவார். பேரப்பிள்ளைகளும் இப்போது அப்படித்தான்.

அன்ரிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. நான் வேறு வேலைக்கு மாறி வெகு காலமாகிவிட்டாலும் வியாழக்கிழமைகளில் அவரைக் கூப்பிடுவேன். போன மாதம் ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன், அப்போதும் அடித்துக்கொண்டே இருந்தது. தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

கடைசியில் எடுத்தார்.

“உயிரோடதான் இருக்கிறன் பிள்ளை. குளிக்கப் போனனான். அதுக்குள்ள நீ மாலை கட்டத் தொடங்கிடாத.”