கால் படாத கார்

"உன் தம்பி காரா? இந்த ஜென்மத்துல என் கால் அதுல படாது!"

சொன்ன கையோடு, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கண்ணாடிக்காரர் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டம்ளர் குதித்தது. மனைவி குதிக்கவில்லை. மருந்துக்கடையில் வருஷக்கணக்காக நிற்கிறவள் அவள். கசப்பு மருந்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள்.

"அவன் புது வண்டி எடுக்கப் போறாங்க. பழசை அத்தானுக்குன்னா குறைச்சுத் தரேங்கிறான். நல்ல வண்டி."

"நல்ல வண்டியா இருக்கட்டும். விமானமாவே இருக்கட்டும். எனக்கு வேணாம்!"

விஷயம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் மச்சினன் தன் மாமனார் பேரிலிருந்த காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். "வாங்க அத்தான், ஒரு ரவுண்டு போகலாம்" என்றான். கண்ணாடிக்காரர் ஆசையாகத்தான் போனார். கதவைத் திறந்து ஒரு காலையும் தூக்கிவிட்டார். அப்போது அவன், "அத்தான், காலைத் துடைச்சுட்டு ஏறுங்க" என்றான்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அப்புறம் தரைக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவர் அந்தக் காரில் ஏறவில்லை என்பது மட்டுமல்ல, அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் இல்லை. தெருமுனையில் மச்சினன் ஹாரன் அடித்தால் போதும், இவர் கொல்லைப்பக்கம் போய்க் கொடியில் காய்கிற துணிகளை ஆராய்ந்துகொண்டு நிற்பார். முதல் நாள் பார்த்ததையும் பிடிவாதமாக மறந்துவிட்டார். ஊரார் கண்களையெல்லாம் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற மனிதர், அந்தக் கார் சிவப்பா வெள்ளையா என்று கேட்டால் முழிப்பார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

"ஆன்லைன்ல ஆயிரம் கார் நிக்குது. நானே பார்ப்பேன், நானே பேசுவேன், நானே வாங்குவேன். உன்னைக் கேக்கவே மாட்டேன்!"

"சரிங்க" என்றாள் அவள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னால் கொஞ்சம் பயப்பட வேண்டும். அவர் பயப்படவில்லை.

முதலில் பார்த்த கார் படத்தில் பளபளவென்று இருந்தது. நேரில் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு தவளை வெளியே வந்தது.

"என்னய்யா, வெள்ளத்துல நின்ன வண்டியா?"

"சேச்சே! நல்லா கழுவின வண்டி சார்."

அடுத்த காருக்கு முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தார்கள். பின்பக்கத்தையும் அனுப்பச் சொன்னார். வந்தது. வேறு காரின் பின்பக்கம்.

மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் கப்பல் கேப்டன். கார் கனவு மாதிரி இருந்தது. விலை அதைவிட இனிய கனவு. ஒரே ஒரு சங்கடம், கேப்டன் நடுக்கடலில் இருக்கிறார், வண்டியைக் காட்ட ஆளில்லை. பணத்தை அனுப்பினால் கார் தானாக வீட்டு வாசலுக்கு வந்து சேரும்.

"கடல்ல இருக்கிறவருக்குக் கார் எதுக்குங்க?"

"எதுக்கும் இல்லேன்னுதானே விக்கிறார்!"

"எதிர்வீட்டு வாத்தியாரும் ஒரு கேப்டனுக்குத்தான் பணம் அனுப்பினாரு. இன்னும் வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்காரு."

"அது வேற கப்பல்! நாளைக்கு பேங்க் திறந்ததும் அனுப்பறேன். எவன் தடுக்கிறான்னு பார்க்கறேன்!"

வீட்டுச் சேமிப்பு மொத்தமும் கடலில் இறங்கக் காத்திருந்தது. மனைவி வாக்குவாதம் செய்யவில்லை. போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்த கண்ணாடிக்காரர் நுரையோடு நின்றுவிட்டார். புதிதாக ஒரு விளம்பரம். "விலையில் பேரம் கிடையாது. மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பவர்கள் தயவுசெய்து அழைக்க வேண்டாம். சுயமாக முடிவெடுக்கும் ஆண்மகன் ஒருவருக்காக இந்த வண்டி காத்திருக்கிறது."

யாரோ தன் நெஞ்சைத் திறந்து பார்த்து எழுதியது போல அவருக்குப் புல்லரித்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "சே, என்ன திமிரான பேச்சு! இதை மட்டும் வாங்கிடாதீங்க. கேப்டனே தேவலாம்."

அவ்வளவுதான். கேப்டன் அந்த நிமிஷமே மூழ்கினார்.

வண்டியைக் காட்டியவர் ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக். ஓனர் வெளியூராம். கண்ணாடிக்காரர் டயரை உதைத்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒன்றும் புரியாவிட்டாலும் கண் நரம்பைச் சோதிப்பது போல உள்ளே உற்றுப் பார்த்தார். ஓட்டியும் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போல ஓடியது. காகிதங்கள் யாரோ ஒரு பெரியவர் பேரில் சுத்தமாக இருந்தன.

"சீட்டுல என்ன இவ்வளவு வெள்ளை முடி?"

"பெரியவர் இல்லீங்களா சார், கொட்டுது."

"ஆளு எப்படி?"

"தங்கமான குடும்பம் சார். காலைத் துடைக்காம யாரையும் வண்டியில ஏத்த மாட்டாங்க."

"அப்படித்தான் இருக்கணும்!" என்று கண்ணாடிக்காரர் தொடையைத் தட்டினார். "பொருளை மதிக்கிற மனுஷங்க. எங்க வீட்டுலயும் இருக்கானே ஒருத்தன்..." என்று ஆரம்பித்தவர், எங்கேயோ இடிப்பது போலிருக்கவே நிறுத்திக்கொண்டார். சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்தார். ஆண்மகன் பேரம் பேசலாமா?

வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் மனைவி கதவைத் திறந்தாள்.

"ஏய், காலைத் துடைச்சுட்டு ஏறு!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். அவமானத்தில் கடிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "கிளம்பு, உன் தம்பி வீட்டுக்குப் போறோம்."

"இப்ப எதுக்குங்க?" இந்தத் தடவை அவளுக்கு நிஜமாகவே குரல் தடுமாறியது.

"அவன் வாசல்ல நிறுத்தி நல்லா ஹாரன் அடிக்கணும். நாலு வருஷத்து ஆத்திரம்!"

"இன்னொரு நாள் போகலாமே..."

"இன்னிக்கே!"

பக்கத்து ஊர்தான். ரோட்டில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஹாரன் அடித்துப் பழகிக்கொண்டே போனார். மச்சினன் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டு நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

முதலில் வெளியே வந்தது நாய். வெள்ளை வெளேரென்று, புசுபுசுவென்று. வாலைச் சுழற்றிக்கொண்டு நேரே ஓடி வந்து, அவர் காலுக்கு நடுவில் புகுந்து, காருக்குள் தாவி, தினமும் உட்காருகிற இடத்தில் உட்காருவது போலப் பின்சீட்டில் சுருண்டு படுத்தது.

அடுத்து வெளியே வந்த மச்சினன் நாயைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "வாங்க அத்தான். வண்டி... நல்லா ஓடுதா?"

கண்ணாடிக்காரர் நாயின் முடியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு அவருக்குப் பார்வை வந்தது.

"பெரியவர்?"

"என் மாமனாருதான் அத்தான்."

"அந்த விளம்பரம்?"

"நான்தாங்க எழுதினேன்" என்றாள் மனைவி. "கேப்டனுக்கு மட்டும் பணம் போயிருந்தா வாத்தியார் பக்கத்துல உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பாங்க. இங்க வர்றப்பல்லாம் நான் ஓட்டக் கத்துக்கிட்டது இந்த வண்டியிலதான். ஒரு நாளும் நடுவழியில விட்டதில்ல. அத்தானுக்குன்னு குறைச்சுச் சொன்னான், வேணாம்னீங்க. ஆண்மகன் விலைதான் வேணும்னு வாங்கிட்டீங்க."

"சபதம்னா சபதம்தான்!" கண்ணாடிக்காரர் கர்ஜித்தார். "தெரியாம ஏறினது கணக்குல வராது. தெரிஞ்சு ஏற மாட்டேன். நான் பஸ்ல போய்க்கிறேன்!"

சாவியை மனைவி கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை இல்லை. பஸ்ஸும் இல்லை. வானம் மட்டும் இருந்தது, அது பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அவர் அசையவில்லை. செருப்பு சேற்றில் புதைந்தது. அப்போதும் அசையவில்லை. மனதுக்குள் மச்சினனையும் நாயையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு, குளிரில் பல் கிட்டி, ஆனால் தலை நிமிர்ந்து நின்றார்.

கார் வந்து பக்கத்தில் நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்க."

"இது என் காசுல வாங்கின வண்டி. என் வண்டி. நீ சொல்லி நான் ஏறல, என் வண்டின்னு ஏறறேன். தெரிஞ்சுக்கோ!"

"தெரிஞ்சுக்கிட்டேங்க. காலைத் துடைச்சுட்டு ஏறுங்க."

மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி எப்போதும் போலச் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தார். இடது காலை மட்டும் துடைத்தார். வலது காலைச் சேறோடு உள்ளே வைத்தார். அவருக்கும் ரோஷம் உண்டு.

மனைவி நேரே ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வலது காலையும் துடைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.