இடது கதவுப் பக்கம் துடைத்தவன் எழுதுவது

மதிப்பும் மரியாதையும் உள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகன் எழுதுவது. நான் நலம். வலது கை மட்டும் தோளுக்கு மேல் ஏற மறுக்கிறது. பெரியம்மாவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று நேரில் பார்த்தவரையில் நீங்கள் நன்றாகத்தான் இருந்தீர்கள்.

ஆமாம் பெரியப்பா, நேற்று பழைய கார் விற்கும் கடையில் சாம்பல் நிற வண்டிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். முகமூடி, தொப்பி, புருவமெல்லாம் வெள்ளைத் தூள் என்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. அவையில்லாமலும் தெரிந்திருக்காது, வண்டி துடைப்பவன் மூஞ்சியை யார் பார்க்கிறார்கள்? பக்கத்தில் உங்கள் சம்பந்தி, அக்காவின் மாமனார் நின்றார். அக்கா கல்யாணத்தில் அவரிடம் என்னை "கார் கம்பெனியில ஆபீசர்" என்று நீங்கள் அறிமுகப்படுத்தியதும், நான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்ததால் வாயைத் திறக்கவில்லை. உங்கள் மானம் போகக்கூடாதே என்று முகமூடியை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் நீங்கள் அவரிடம், "நம்ம பொண்ணு தினம் ஓட்டப்போற வண்டியாச்சே சம்பந்தி, எப்படிப் பளபளங்குது பாருங்க" என்றீர்கள். 

அந்தப் பளபளப்பு நான் நேற்று காலையில் போட்டது. கிளேஸ் என்று ஒன்று இருக்கிறது பெரியப்பா, கீறல்களை எடுக்காது, அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு மறைக்கும். நாலு தடவை கழுவினால் போய்விடும். கீறல் போனால் போகட்டும், யாரும் சாகமாட்டார்கள். ஆனால் இடது கதவையும் அதை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூணையும் தேய்க்கும்போது கைக்குத் தெரிந்தது, உள்ளே அத்தனையும் பட்டி, நசுங்கிய பள்ளத்தை நிரப்பும் பசை. காந்தத்தை வைத்தேன், இரும்பு எட்டாததால் பிடிக்காமல் விழுந்தது. பெரிதாக அடிபட்டு, நசுங்கி, இழுத்து நிமிர்த்திய வண்டி. இன்னொரு இடி வாங்கினால் அந்தப் பக்கம் தாங்காது.

வாயால் சொல்ல முடியாததால் உங்களுக்கு ஜாடை காட்டலாம் என்று அந்தக் காந்தத்தை உங்கள் கண்முன்னாலேயே தூணில் மூன்று தடவை வைத்து மூன்று தடவையும் கீழே விழவிட்டேன். "காந்தத்தை வச்சு விளையாடுற நேரமாய்யா இது?" என்றீர்கள். சம்பந்தி எடுத்துத்தரக் குனிந்தார், அதற்குள் உங்கள் செருப்பு அதன்மேல் நின்றுவிட்டது. சரி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே காட்டிவிடலாம் என்று துணியில் ஸ்பிரிட்டை நனைத்துக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துடை துடைத்தேன். கிளேஸ் கழன்றது, வெயிலில் சிலந்திவலை மாதிரி அத்தனை கீறலும் எழுந்து நின்றன. கடைக்காரன் குட்டு உடைந்தது என்று நிமிர்ந்தால் நீங்கள் கத்துகிறீர்கள்: "யோவ், உப்புத்தாள் போட்டா தேய்க்கிற? நல்லா இருந்த வண்டியைக் கீறிட்டியேய்யா!"

நான் கீறினேனாம். சம்பந்தி உச்சுக்கொட்டினார். முதலாளி ஓடிவந்து, "புது ஆள் சார், துணியில மண் இருந்திருக்கும்" என்றார். நாலு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன் பெரியப்பா. உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, தூள் தின்று தின்று இருமல் நிற்பதில்லை, ஆனால் துணியில் மண் வைத்தவன் என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்புறம் அதே இடத்தில் அதே கிளேஸை என்னையே திரும்பப் போடச் சொன்னார்கள். மெல்லிசாகத் தடவி, வெள்ளையாகப் பூக்கும்வரை காத்திருந்து, விரலால் இழுத்துப் பார்த்து, புதுத்துணியால் துடைத்தேன். கீறல்கள் ஒன்றையும் காணோம். "இப்பதான்யா உனக்கு வேலை வந்திருக்கு" என்று முதுகில் தட்டினீர்கள். என் வாழ்நாளில் நீங்கள் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

ஏமாந்துவிடாதீர்கள் பெரியப்பா. வெள்ளிக்கிழமை பேர் மாற்றுவதாகக் காதில் விழுந்தது. கையெழுத்துப் போடாதீர்கள். அக்கா அந்த வண்டியை ஓட்டக்கூடாது. சின்ன வயசில் என்னைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள் அவள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். முட்டிவலிக்கு நீங்கள் போடும் மாத்திரையை மறக்காமல் போடவும்.

இப்படிக்கு,
கார் கம்பெனி ஆபீசர்

பின்குறிப்பு: உறை ஒன்று கேட்க முதலாளி அறைக்குப் போனேன். மேசையில் அந்த வண்டியின் காகிதம் இருந்தது, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து அவரே சொன்னார்: "அது நம்ம வண்டி இல்லப்பா. உன்னைத் திட்டினாரே, அவரோடது. இடிபட்டு ஏலத்துக்கு வந்ததை எடுத்து நிமிர்த்திக் கொண்டாந்து விட்டாரு. கூட வந்த சம்பந்தி தலையில கட்டணும், கடை வண்டின்னு சொல்லுங்கன்னாரு."  வாங்குபவர் சம்பந்தி, விற்பவர் நீங்கள், ஓட்டப்போவது உங்கள் மகள்.

கடிதத்தில் ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை. சம்பந்தி வீட்டுக்குத்தான் இதை எடுத்துக்கொண்டு போகிறேன், இதே சட்டையோடு, இதே தூளோடு. உங்களுக்குப் படித்துக்காட்டப்போவது அவர்.